டேலியாவுக்கு ஒரு ஊசியிலைப் போர்வை

பட்டாணிக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் அவள் பட்டாணிதான். உருவம் அப்படி. ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும் குணமும் அப்படி.

அந்தப் பட்டாணியை நம்பித்தான் பக்கத்து வீட்டு அத்தை தன் பூப்பாத்தியை விட்டுவிட்டுப் போனார்.

அத்தை நகரப் பேருந்து ஓட்டுபவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். மாமா கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். இருவரையும் கலந்து இரண்டாகப் பிரித்தால் சரியாக இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

மாமாவுக்கு இரண்டு வருடமாகக் கண்ணில் புரை. முதலில் கைக்கடிகாரத்தின் குட்டித் திருகாணி தெரியாமல் போனது. பிறகு பற்சக்கரங்கள் மங்கின. ஆறு மாதமாகத் தெரு முனையில் இருந்த அவர் கடைக்குப் பூட்டு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கடிகாரங்கள் எல்லாம் பத்து மணி பத்து நிமிடத்தில் நின்றுகொண்டிருந்தன.

"ஏன் மாமா எல்லாமே பத்து பத்துல நிக்குது?" என்று பட்டாணி ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"ஓடாத கடிகாரத்தை அப்படித்தான் வைக்கிறது. ரெண்டு முள்ளும் கையைத் தூக்கி வாங்க வாங்கன்னு கூப்பிடற மாதிரி இருக்கும்," என்றார் மாமா.

இப்போது வேறொரு நகரத்தில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. முதலில் ஒரு கண், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. ஆகமொத்தம் பன்னிரண்டு நாள்.

ஜன்னலுக்குக் கீழே இருந்த பாத்தியில் டேலியாக் கிழங்குகளை மாமாவே நட்டிருந்தார். கண் தெரியாததால் விரலால் மண்ணைத் தடவி, சாண் அளந்து, பன்னிரண்டு கிழங்குகள். இப்போது அவை செடியாகி மொட்டு விட்டிருந்தன. அத்தைதான் அவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தவர். என்ன நிறம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது மாமா தடுத்துவிட்டாராம். "சொல்லாதே. கண்ணு தெரிஞ்சு வந்து நானே பார்த்துக்கிறேன். நான் முதல்ல பார்க்கிற பூ இதுவா இருக்கட்டும்."

கிளம்பும் நாளில் அத்தை ஒரு கையில் பையும் ஒரு கையில் மாமாவின் முழங்கையுமாக நின்றார்.

"பட்டாணி, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி ஊத்தணும். அந்த மூலையில நேத்துதான் ஜினியா விதை தூவியிருக்கேன். அதையும் மறந்துடாதே. நீ இருக்கிற தைரியத்துலதான் போறேன்."

"நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க அத்தை. ஒரு இலைகூட வாடாது," என்றாள் பட்டாணி.

சொல்வது சுலபம். சொல்லி மூன்றாம் நாள் தெருவின் பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்தது.

இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர், அதுவும் வீட்டுக்கு இத்தனை வாளிதான் என்று சொல்லிவிட்டார்கள். வெயிலுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குக் காய்ந்தது. குளிக்க, சமைக்க, துவைக்க என்று போனது போக, பட்டாணிக்குப் பாத்திக்கென்று அரை வாளி கிடைத்தது. அரிசி கழுவிய தண்ணீரையும் சேர்த்து ஊற்றிப் பார்த்தாள். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் மண் மறுபடி வெளுத்துவிடும். ஐந்தாம் நாள் டேலியா மொட்டுகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

அன்று பள்ளிவிட்டு வரும்போது பூங்கா வாசலில் பட்டாணியின் பென்சில் டப்பா தவறி விழுந்தது. உள்ளே இருந்த அழிப்பான் ஓடிப்போய், பூங்காவைப் பெருக்கும் அண்ணன் குவித்து வைத்திருந்த பைன் ஊசியிலைக் குவியலுக்குள் புகுந்துகொண்டது. பட்டாணி கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

மேலே இலை காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அடியில் விரல் பட்ட மண்ணோ ஜில்லென்று ஈரமாக இருந்தது. குவியலுக்கு வெளியே அரை அடி தள்ளித் தரை வெடித்துக் கிடந்தது.

பட்டாணி அழிப்பானை மறந்துவிட்டாள்.

"அண்ணா, இந்த இலையை நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கோ. எனக்கு வேலை மிச்சம்," என்றார் பூங்கா அண்ணன். "மழை பெய்ஞ்சு எத்தனை நாளாச்சு, அதுக்கடியில மட்டும் ஈரம் காயவே இல்லை, பார்த்தியா?"

புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பைக்குள் ஊசியிலையை அடைத்தாள். ஏழு நடை. பாத்தி முழுக்க நாலு விரல் கனத்துக்குப் பரப்பினாள். ஜினியா விதை தூவிய மூலை மட்டும் விதிவிலக்கு. குழந்தைகளுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டாமா என்று அங்கே இரண்டு பங்கு போட்டு, மேலே தட்டிக்கொடுக்கவும் செய்தாள்.

மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. அரை வாளித் தண்ணீர் ஊசியிலைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெயில் அதைக் கண்டுபிடிக்கவில்லை. டேலியாக்கள் ஒவ்வொன்றாகத் தலையை நிமிர்த்தின. எட்டாம் நாள் முதல் மொட்டு வெடித்தது. ஒன்பதாம் நாள் இன்னும் மூன்று.

அன்று அம்மாவின் போனில் அத்தை கூப்பிட்டார். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் நன்றாகவே கேட்டது.

"பூ எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு அத்தை. நாலு பூ பூத்தாச்சு. ஒண்ணு..."

"நிறம் சொல்லாதே, நிறம் சொல்லாதே. மாமா பக்கத்துலதான் இருக்கார்."

பட்டாணி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் மாமாவின் மெல்லிய குரல் ஏதோ சொன்னது.

"நேத்து ரெண்டாவது கண்ணும் முடிஞ்சுது," என்றார் அத்தை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுவோம். இவர் இங்க ரெண்டு நாளா ஒரே பேச்சுதான். பூ, பூ, பூ."

பட்டாணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மகிழ்ச்சி சரியாக மறுநாள் பிற்பகல் வரை இருந்தது.

மறுநாள் தபால்கார அக்கா வந்தாள். கடிதத்தை அத்தை வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பப் போனவள் பாத்தியைப் பார்த்ததும் நின்றாள்.

"யாரு இந்த வேலையைப் பண்ணது?"

"நான்தான் அக்கா," என்றாள் பட்டாணி, பாராட்டை எதிர்பார்த்து.

"அடப்பாவமே. பைன் இலை மண்ணைப் புளிக்க வெச்சுடும், தெரியாதா? வேரெல்லாம் கருகிடும். பூங்காவுல அந்த மரத்துக்கு அடியில ஒரு புல்லாவது முளைச்சிருக்கா, போய்ப் பாரு."

அக்கா மணியடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி இருந்தது.

பட்டாணி பூங்காவுக்கு ஓடினாள். அக்கா சொன்னது பொய் இல்லை. பைன் மரத்தின் அடியில் ஒரு வட்டம் மொட்டையாகக் கிடந்தது. புல் இல்லை, பூ இல்லை, ஒரு களைச்செடிகூட இல்லை.

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து தன் சொந்த அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் எட்டாம் வகுப்பு. அவனுக்குப் 'பேராசிரியர்' என்று பெயர் வைத்தது அம்மா. கிண்டலுக்குத்தான் வைத்தாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

"ஆமா, புளிக்கும்," என்றான் பேராசிரியர், பார்த்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊசியிலையில அமிலம் இருக்கு. அமிலம் மண்ணுல இறங்கும். செடி போச்சு."

"நிஜமாவா?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது."

அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் பட்டாணிக்குத் தோன்றவில்லை. மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கருகிப்போன பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் கண்முன் வந்தது. இரண்டு வருடம் காத்திருந்து பார்ப்பது அதுவா?

பட்டாணி சருகு வாரும் பல் வைத்த வாரிக்கம்பை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். இடது பக்கத்திலிருந்து ஊசியிலையை வாரி வெளியே தள்ளினாள். விரலில் குத்தியது. கண்ணில் நீர் முட்டியதால் எது இலை எது செடி என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. பாதிப் பாத்தி முடிந்தபோது அம்மா கூப்பிட்டுவிட்டாள். அம்மாவிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒருவரின் உடுப்புக்குப் பித்தான் தைத்து உடனே கொடுக்க வேண்டுமாம், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அது முடிவதற்குள் இருட்டிவிட்டது.

'மீதியை நாளைக்கு எடுத்துடலாம். நல்லவேளை, பாதியாவது தப்பிச்சுது' என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

மறுநாள் வியாழன். பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் பட்டாணி பேந்தப் பேந்த விழித்திருப்பாள். மணி அடித்ததும் நேராகப் பாத்திக்குத்தான் ஓடினாள்.

பாதிப் பாத்தி துவண்டு கிடந்தது. இலைகள் ஈரத் துணியைப் போலத் தொங்கின. பூத்திருந்த நாலில் இரண்டு பூக்களின் ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தது.

விஷம் ஏறிவிட்டது. மீதியையும் உடனே எடுத்தாக வேண்டும். பட்டாணி வாரிக்கம்பை ஓங்கிவிட்டாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

எந்தப் பாதி வாடியிருக்கிறது?

அவள் வாரிக்கம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வாடியிருந்தது இடது பக்கம். ஊசியிலையை எடுத்துவிட்ட பக்கம். வலது பக்கம், 'விஷம்' இன்னும் மூடியிருந்த பக்கம், ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"அண்ணா," என்று கத்தினாள். "இங்க கொஞ்சம் வாயேன்."

பேராசிரியர் கையில் பாதி தின்ற ரொட்டியோடு வந்தான்.

"விஷம்னா எந்தப் பக்கம் வாடணும்?"

"இலை இருக்கிற பக்கம்."

"எது வாடியிருக்கு?"

அண்ணன் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். "அது... நீ வாரும்போது வேரை இழுத்திருப்பே."

"மேலே இருந்த இலையைத்தான் வாரினேன். மண்ணைத் தொடவே இல்லை. விரலை விட்டுப் பாரு."

அவன் இடது பக்கம் விரலை விட்டான். நகக்கண் அளவுக்குக்கூட இறங்கவில்லை. வலது பக்கம் ஊசியிலையை விலக்கி விட்டான். இரண்டு கணு வரை சுலபமாகப் போனது. விரலில் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தது. அதே கையால் ரொட்டியைக் கடிக்கப் போனவனைப் பட்டாணி தடுத்தாள்.

"சரி, தண்ணி நிக்குது, ஒத்துக்கிறேன்," என்றான் பேராசிரியர். "ஆனா புளிப்பு? அது கண்ணுக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள புளிச்சுக்கிட்டே இருக்கும். நாளைக்கு மாமா வந்தப்புறம் பொசுக்குனு போயிடும்."

இதுதான் பேராசிரியரிடம் உள்ள சிரமம். தோற்கும்போதுகூட ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டுத்தான் தோற்பான். பட்டாணி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். புளிப்பைக் கண்ணால் பார்க்க முடியாதா? போன மாதம் அறிவியல் டீச்சர் வகுப்பில் ஒரு வேடிக்கை காட்டினாரே. ஊதா முட்டைக்கோஸ் கொதித்த தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றை விட்டதும் இளஞ்சிவப்பாக மாறியது. சோப்புத் தண்ணீரை விட்டதும் பச்சையாகிவிட்டது.

"பார்க்கலாம்," என்றாள் பட்டாணி. "வீட்டுல பாதி முட்டைக்கோஸ் இருக்கு."

கால் மணி நேரத்தில் அடுப்பில் ஊதா நிறத்தில் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் நாலு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைத்தான். பட்டாணி அம்மாவின் வெட்டுத் துணிக் கூடையிலிருந்து மெல்லிய துணி மூன்று எடுத்தாள். அதற்குள் ஓடிப்போய்ப் பூங்காவின் பைன் மரத்தடியிலிருந்தும் ஒரு பிடி மண் கொண்டுவந்தாள். தோண்டும்போதே ஒன்று தெரிந்தது. அங்கே மண் மாவாகக் காய்ந்திருந்தது. கை வைத்த இடமெல்லாம் மரத்தின் வேர், பின்னிய பாயைப் போல. நிமிர்ந்து பார்த்தால் வெயில் ஒரு பொட்டுக்கூட இறங்காத நிழல்.

'இந்தப் பெரிய மரம் அத்தனை தண்ணியையும் குடிச்சுட்டு, வெளிச்சத்தையும் மறைச்சுக்கிட்டா, புல்லு எங்கே முளைக்கும்?' என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "நாளைக்குச் சமைக்க வெச்சிருந்த முட்டைக்கோஸ் எங்கே?"

"பரிசோதனையில இருக்கு," என்றான் பேராசிரியர்.

"என் துணி?"

"அதுவும்தான்," என்றாள் பட்டாணி. "அம்மா, ஒரே ஒரு நிமிஷம். ரொம்ப முக்கியம்."

அவள் முகத்தைப் பார்த்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இடது பக்கத்து மண், வலது பக்கத்து மண், மரத்தடி மண். மூன்றையும் ஆறிய வெந்நீரில் தனித்தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, மூன்று டம்ளர்களில் வைத்தார்கள். நாலாவது டம்ளரில் தண்ணீரும் சில துளி எலுமிச்சைச் சாறும், புளிப்பு எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டாள் பட்டாணி.

எலுமிச்சை டம்ளர் உடனே பளிச்சென்ற இளஞ்சிவப்பானது.

மரத்தடி டம்ளர் ஊதாதான், ஆனால் கொஞ்சம் சிவப்பு கலந்த ஊதா. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

இடது பக்கம் ஊதா. வலது பக்கம்? பட்டாணி இரண்டு டம்ளர்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். அண்ணன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் கடைசியில். "ஒரு வித்தியாசமும் இல்லை."

"அந்த மரம் அங்கே எத்தனை வருஷமா இலை கொட்டுது?" என்று அம்மா கேட்டாள்.

"நான் பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்தே."

"அத்தனை வருஷம் கொட்டியும் இவ்வளவுதான் சிவப்பு. உன் பாத்தியில ஆறு நாளா கிடக்கிற இலையா புளிக்க வெச்சுடப் போகுது?"

போன உயிர் திரும்பி வந்தது பட்டாணிக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே கொஞ்சம் அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் விக்கல் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு சொன்னியே," என்றாள் அண்ணனிடம், விக்கிக்கொண்டே.

"எல்லாருக்கும் தப்பாத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றான் பேராசிரியர். ஆனாலும் வாரிக்கம்பை எடுத்துக்கொண்டு முதலில் வெளியே போனது அவன்தான்.

இருவருமாக இடது பக்கத்துக்குத் தண்ணீர் விட்டு ஊசியிலையைத் திரும்பப் பரப்பினார்கள். அண்ணன் தான் முகம் கழுவ வைத்திருந்த தண்ணீரையும் கேட்காமலேயே ஊற்றினான். பட்டாணி ஜினியா மூலைக்கு வந்தாள். அங்கே போட்ட இரட்டைப் பங்கு அப்படியே மெத்தை மாதிரி இருந்தது. டேலியாவுக்கு நல்லது என்றால் ஜினியாவுக்கும் நல்லதுதானே என்று எண்ணியபடி ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

அடியில் முளைகள் இருந்தன. ஆனால் பச்சையாக இல்லை. வெளுத்து, மஞ்சளடித்து, நூலைப் போல நீண்டு, வெளியே போக வழி தேடிப் பக்கவாட்டில் வளைந்து கிடந்தன.

"ஐயோ, நான் உங்களை மூச்சு முட்ட வெச்சுட்டேனே," என்றாள் பட்டாணி.

பெரிய செடிகளுக்குத் தலை வெளியே இருந்தது. அதனால் போர்வை அவற்றுக்குச் சுகமாக இருந்தது. இந்தக் குட்டிகளுக்கோ தலைக்கு மேலேயே போர்வை. அவள் ஊசியிலையை விரலால் ஒவ்வொரு பிடியாக எடுத்தாள். முளை எதுவும் ஒடியாமல் எடுக்க அரை மணி நேரம் ஆனது. சுற்றி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தாள். வெயில் சுள்ளென்று படாமல் இருக்க அம்மாவிடம் ஒரு வலைத்துணி வாங்கி, நாலு குச்சி நட்டு மேலே கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை டேலியா இலைகள் நிமிர்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை ஜினியா முளைகளில், உற்றுப் பார்த்தால், ஒரு பச்சைச் சாயல் வந்திருந்தது. வலது பக்கத்தில் இன்னும் இரண்டு மொட்டுகள் விரிந்திருந்தன. ஓரம் கருகிய இரண்டு பூக்கள் மட்டும் கருகியபடியே இருந்தன. அவற்றைக் கிள்ளி எறிந்துவிடலாம் என்று அண்ணன் யோசனை சொன்னான். பட்டாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாடகை வண்டி வந்து நின்றது. முதலில் அத்தையின் குரல் இறங்கியது, பிறகு அத்தை இறங்கினார். கடைசியாகக் கறுப்புக் கண்ணாடியோடு மாமா.

"குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, வெயில்ல நிக்கக் கூடாது," என்று அத்தை தெரு முழுவதற்கும் அறிவித்தார். பட்டாணி ஏற்கெனவே பாத்திக்கு முன்னால் நிழலில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். மாமா அதில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கண்ணாடியில் கையை வைத்தபடியே இருந்தார்.

பிறகு கழற்றினார்.

"சிவப்பு," என்றார் மெதுவாக. "அடுத்தது மஞ்சள். அது வெள்ளை... இல்லை, இரு. வெள்ளையில ஓரத்துக்கு ஊதாக் கோடு போட்டிருக்கு. எவ்வளவு மெல்லிசாப் போட்டிருக்கு, பாரு."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார். மாமா ஒவ்வொரு பூவாகப் போய்க்கொண்டே இருந்தார். கருகிய பூ வந்ததும் பட்டாணியால் தாங்க முடியவில்லை.

"மாமா, அது என்னாலதான். தண்ணி பத்தலைன்னு இந்த இலையைப் போட்டேன். அப்புறம் இலை விஷம்னு சொன்னாங்கன்னு பயந்து பாதியை எடுத்துட்டேன். அதுல ரெண்டு பூ கருகிடுச்சு. அப்புறம் திரும்பப் போட்டுட்டேன். ஜினியாவுக்கு ரொம்பப் போட்டுட்டேன், அதை எடுத்துட்டேன்," என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து," என்றார் மாமா. "என் கடையிலயும் அப்படித்தான் நடக்கும். பழுது பார்க்கிறதுன்னா அதுதானே?" பிறகு ஏதோ தோன்றியவராகப் பாத்தியை உற்றுப் பார்த்தார். "பட்டாணி, என்னால குனிய முடியாது. அந்த இலையில ஒண்ணு எடுத்துக் கொடு."

பட்டாணி ஓர் ஊசியிலையை எடுத்துக் கொடுத்தாள். மாமா அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். கைக்கடிகாரத்தின் உள்ளே பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது.

"இது ஒரு இலை இல்லை, ரெண்டு. அடியில சின்னதா ஒரு குழல் மாதிரி ஒண்ணு சேர்த்துப் பிடிச்சிருக்கு. எல்லாமே இப்படித்தானா?"

ஏழு பை நிறைய ஊசியிலை சுமந்தவள் பட்டாணி. ஒருமுறைகூட அவள் அதைக் கவனிக்கவில்லை. அவசரமாக இன்னும் நாலைந்தை எடுத்துப் பார்த்தாள். எல்லாமே இரண்டிரண்டாகத்தான் இருந்தன.

"ஆமா மாமா. எனக்கே தெரியலை."

மாமா ஜோடியை மெல்ல விரித்துப் பிடித்தார். ஒன்று இடது பக்கம் சாய்ந்தது, ஒன்று வலது பக்கம்.

"மணி என்ன, சொல்லு பார்ப்போம்."

பட்டாணி பார்த்தாள். கையைத் தூக்கி வாங்க வாங்க என்று கூப்பிடுவதுபோல இருந்தது. "பத்து பத்து."

"ஒரு குறை இருக்கு. ரெண்டு முள்ளும் ஒரே நீளம்."

பட்டாணி இடது பக்கத்து ஊசியை நகத்தால் கொஞ்சம் கிள்ளினாள். இப்போது சரியாக இருந்தது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். தெருவில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும்.

அந்தக் குட்டி முள்களைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அத்தையிடம் கையை நீட்டினார்.

"கடைச் சாவியைக் கொடு."

"டாக்டர் ஒரு மாசம் வேலை பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"வேலை பார்க்க இல்லை," என்றார் மாமா, பட்டாணியின் தோளைப் பிடித்து எழுந்தபடி. "அங்க ஆறு மாசமா எல்லாரும் கையைத் தூக்கிக் கூப்பிட்டுக்கிட்டே நிக்கிறாங்க. வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."